மாசிக் கருவாடு சேர்க்காத பருப்பு மரக்கறிக் குழம்பு: வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. என் மகள் மீன், முட்டை, பால், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். வேலை முடிந்து வெள்ளவத்தைக்குக் களைத்து வருபவளுக்குப் பாணுடன் சாப்பிடத் தடிப்பான குழம்பு வைத்துக் கொடுக்க ஆசை. 4 பேருக்கு 200 கிராம் மைசூர்ப் பருப்பு எடுக்கிறேன். அது 20 நிமிடத்தில் கரைந்துவிடும் என்பதால் கரட், உருளைக்கிழங்கை முதலில் அரைவேக்காடாக அவித்து, போஞ்சியைப் பின்னால் போடுகிறேன். உள்ளி, றம்பை இலை, கறிவேப்பிலை உண்டு; தேங்காயின் முதற்பால் கடைசியில்தான். மணம் அருமை!

ஆனால் மாசி தரும் அந்த அடிச்சுவை வரவில்லை. வதக்கிய காளான் ஈடுகொடுக்குமா? தக்காளியை எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்தால் போதுமா? கொறுக்காய்ப்புளி சேர்த்தால் தேங்காய்ப்பால் திரைந்துவிடுமா? சமைத்துப் பார்த்தவர்கள் அளவுடன் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை செய்யவேண்டும்.