எஸ்சிஏ1 தள்ளாட்டத்துக்குப் பொட்டாசியம் சேனல் மருந்து, அண்ணனுக்குக் கொடுக்கலாமா?

வயல்காற்று:
அண்ணனுக்கு 41 வயது. நாலு வருடமாக நடையில் தள்ளாட்டம், இப்போது பேச்சும் குழறுகிறது, தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. அப்பாவும் இப்படித்தான் படுத்த படுக்கையானார். அப்போது யாருக்கும் நோயின் பெயர் தெரியாது, குடித்துவிட்டு ஆடுகிறார் என்று ஊரே பேசியது, அவர் ஒரு சொட்டு தொட்டவர் இல்லை. போன மாதம் அண்ணனுக்கு மரபணுப் பரிசோதனை செய்ததில் எஸ்சிஏ1 (ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா டைப் 1, சிறுமூளையைப் பாதிக்கும் பரம்பரை நோய்) என்று வந்தது. டாக்டர் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார், இதற்கு மருந்து இல்லை என்றார். நான் தேடிப் படித்ததில் குளோர்சாக்சசோன், பேக்லோஃபென் என்ற தசை தளர்த்தும் மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பொட்டாசியம் சேனல் வழியாக எலிகளின் தள்ளாட்டம் குறைந்ததாக 2018 கட்டுரை ஒன்று இருக்கிறது. மெடிக்கலில் கேட்டேன், குளோர்சாக்சசோன் கலந்த மாத்திரை இருக்கிறதாம். வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா? பொட்டாசியம் என்றதும் அம்மா தினமும் வாழைப்பழமும் இளநீருமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார், அது உதவுமா?

சிறுமூளை_மாணவி:
வாழைப்பழம் சாப்பிடட்டும், ஆனால் நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தைச் சிறுநீரகம் ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். இங்கே கெட்டுப்போவது செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியே போகும் கதவு, அதைத்தான் சேனல் என்கிறார்கள்.

சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்று உண்டு. யாரும் தூண்டாமலேயே வினாடிக்குப் பல பத்து முறை சீராகத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பு முடிந்ததும் பொட்டாசியம் வெளியே போனால்தான் செல் தணிந்து அடுத்ததற்குத் தயாராகும். எஸ்சிஏ1 எலிகளில் பிகே என்ற வகை போன்ற பொட்டாசியம் சேனல்கள் குறைந்துவிடுகின்றன, செல் தணிய முடியாமல் துடிப்பு தாறுமாறாகிறது, சிலவற்றில் நின்றே போகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, செல் சாவதற்கு வெகு முன்பே இது நடக்கிறது என்பதுதான். உயிரோடு இருக்கும் செல்லின் தாளத்தைத் திருத்த முடியுமென்றால் அதற்கு மருந்து தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

நீங்கள் படித்தது அமெரிக்காவில் உள்ள நரம்பியல் ஆய்வாளர் விக்ரம் சக்கோட்டை குழுவின் வேலை. சில நோயாளிகளுக்கும் அந்த இரண்டையும் கொடுத்திருக்கிறார்கள், உடம்பு தாங்கியது. ஆனால் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனை அல்ல அது, அதை வைத்து இவ்வளவு பலன் என்று சொல்ல முடியாது.

தள்ளாட்டம்_டைப்2:
எனக்கு எபிசோடிக் அட்டாக்சியா டைப் 2, தள்ளாட்டம் அவ்வப்போது தாக்கிவிட்டுப் போகும் வேறொரு பரம்பரை நோய். நான் சாப்பிடுவது 4-அமினோபிரிடின், பொட்டாசியம் சேனலை அடைக்கிற மருந்து, உங்கள் அண்ணனுக்குச் சொல்வதோ அதைத் திறக்கிற மருந்து, நேர் எதிர்! எனக்குக் கெட்டது கால்சியம் சேனல் மரபணு, அதனால் அடைப்பது உதவுகிறது. 2011-இல் 10 பேரை வைத்து நடந்த சிறிய ஜெர்மன் சோதனையிலேயே தாக்குதல்கள் குறைந்தன. எபிசோடிக் அட்டாக்சியா டைப் 1 ஆட்களுக்கோ கெட்டதே பொட்டாசியம் சேனல்தான், இருப்பதையும் அடைக்கக் கூடாது. எந்த மரபணு என்று தெரியாமல் எந்தச் சேனல் மருந்தையும் தொடாதீர்கள். உங்களுக்கு அது தெரிந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம்.

மருந்துக்கடை_பார்மசிஸ்ட்:
தயவுசெய்து கேளுங்கள், அந்த மாத்திரையை வாங்க வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் குளோர்சாக்சசோன் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் கலந்து முதுகுவலிக்கு வருவது. டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். குளோர்சாக்சசோனும் அரிதாகக் கல்லீரலைப் பலமாகத் தாக்கும். பேக்லோஃபென் தூக்கத்தையும் தளர்ச்சியையும் கொண்டுவரும், ஏற்கெனவே தள்ளாடுகிறவர் விழுந்துவிடுவார், திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். நரம்பியல் டாக்டர் பார்த்து, கல்லீரல் பரிசோதனை செய்து, தனி மருந்தாகச் சிறு அளவில் ஆரம்பித்தால் அது வேறு.

ரிலுசோல் என்று வேறொரு நரம்பு நோய்க்குத் தரும் மருந்து உண்டு, அதைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். 2015-இல் இத்தாலியில் ஓராண்டுச் சோதனையில் பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் 2022-இல் பிரான்ஸில் எஸ்சிஏ2 (இதே நோயின் இன்னொரு வகை) நோயாளிகளுக்கு மட்டும் கொடுத்தபோது பலன் இல்லை. அதற்கும் கல்லீரலைக் கவனிக்க வேண்டும்.

சிறுமூளை_மாணவி:
ஒன்று விட்டுவிட்டேன். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தில் எஸ்சிஏ1 மிக அதிகம் என்று 2005-லேயே ஆய்வு வெளிவந்திருக்கிறது, அதனால் உங்கள் குடும்பம் மட்டும் என்று நினைக்காதீர்கள். மருந்து எதுவானாலும், அண்ணன் நடப்பதையும் பேசுவதையும் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் வீடியோ எடுத்து வையுங்கள், பலன் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க அது உதவும். புரையேறுவதை உடனே கவனியுங்கள், மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா வரும். விழுங்கும் பயிற்சி சொல்லித்தர ஸ்பீச் தெரபிஸ்ட் இருப்பார்கள்.

வயல்காற்று:
ரொம்ப நன்றி. மாத்திரை வாங்கவில்லை. வியாழக்கிழமை ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கிறோம், அதுவரை இளநீரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு அதில்தான் அதிகம் புரையேறுகிறது.