மூடப்போகும் பாதையில் கடைசி நாள் வேலை: நீங்கள் பார்த்தது என்ன?

பொறையாறு வாசகன்
மாயவரம்–தரங்கம்பாடி ரயில் பாதைக்கு அறிமுகம் தேவையில்லை. 1926இல் வந்தது, எண்பதுகளில் நின்றது. நிற்பதற்குச் சில வாரங்கள் முன்பு, திருக்கடையூர் தாண்டி வரப்பில் நின்றிருந்தேன். தண்டவாளத்தை நடந்தே பார்த்துச் சரிசெய்யும் கீமேன் தனியாக வந்தார். தோளில் நீளப்பிடிச் சுத்தியல், கக்கத்தில் சுருட்டிய கொடிகள். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்பைத்தான் சாவி என்பார்கள். ஒவ்வொரு சாவியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், தளர்ந்த ஒன்றை ஓங்கி அடித்தார். இருபதடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து அதே சாவியை இன்னொரு முறை அடித்தார். "வண்டியைத்தான் நிறுத்தப் போகிறார்களே, ஐயா" என்றேன். என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. ஏன் கேட்டேன் என்று இன்றும் உறுத்துகிறது.

கேங்மேன் மகள்
அவர் கோபித்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். சாவி அடிப்பவருக்குக் காது முழுக்க ஒலியில்தான் இருக்கும். இறுகிய சாவி கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று விழும். என் அப்பா கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் ஆளாக, வேலை பார்த்த கிளைப் பாதையில் கடைசி ஆண்டு தண்டவாளத்துக்கு அடியில் போடும் புதுக் கட்டை கேட்டும் வரவில்லை. ஸ்டேஷனில் வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் நன்றாக இருந்த கட்டைகளைப் பெயர்த்து, மெயின் லைனில் உளுத்தவற்றின் இடத்தில் போட்டார்கள். அன்றிரவு அப்பாவால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அம்மாதான் ஊட்டினாள்.

போடிக்காரன்
மூடினால் எல்லாம் முடிந்தது என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் மதுரை–போடி பாதையைப் போர்க்காலத்தில் பெயர்த்தார்கள், 1954இல் மீண்டும் போட்டார்கள். 2010 டிசம்பர் 31 அன்று மீட்டர்கேஜ் நின்றது. அந்த வாரமும் ஆண்டிபட்டிப் பக்கம் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள், நானே பார்த்தேன். அகலப்பாதையில் தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் வண்டி வந்துவிட்டது.

பழைய பாதைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கைவிட்ட பாலத்தின் மேல் நடக்காதீர்கள். நினைவுக்கென்று சாவியோ ஆணியோ எடுக்காதீர்கள், ரயில்வே சொத்தை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கிலோமீட்டர் கல் தெரிந்தால் எண்ணோடு படம் எடுங்கள். ஓய்வுபெற்ற கேங்மேன்கள் அந்தந்த ஊரிலேயே இருப்பார்கள். காலையில் போய் உட்காருங்கள், வெயில் ஏறினால் பேச மாட்டார்கள். எந்த மைலில் மண் இறங்கும், எந்த மதகில் தண்ணீர் ஏறும் என்று கேளுங்கள். அது எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. எழுதி வையுங்கள்.

பொறையாறு வாசகன்
போடிக்காரரே, எங்கள் பாதைக்கு இன்னும் எதுவும் திரும்பி வரவில்லை. கேங்மேன் மகள் சாவியின் ஒலியைப் பற்றிச் சொன்னதைப் படித்ததிலிருந்து, முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் ஒலி மாறியதா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.