தென்னாப்பிரிக்காவுல ஈஸ்டருக்கு ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) இருந்து டர்பன்: பிள்ளைங்களோட கார்லயா, ஃப்ளைட்லயா?

லெனேசியா அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்டர் லீவுக்கு டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த்ல ஆயா (பாட்டி) வீட்டுக்குப் போறோம், குட் ஃப்ரைடே அன்னிக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கும் போகணும். பசங்களுக்கு 9, 6, 2 வயசு. வீட்டுக்காரர் ஃப்ளைட்தான்னு பிடிவாதம், ஒரு மணி நேரத்துல இறங்கிடலாம்ங்கறார். எனக்கு கார்ல போகத்தான் ஆசை. சின்ன வயசுல நாங்க எல்லாரும் பின் சீட்ல நெருக்கிக்கிட்டுப் போனதுதான் இன்னிக்கும் அண்ணன் தம்பிங்க ஒண்ணா கூடினா பேசற பேச்சு. அது என் பசங்களுக்கும் கிடைக்கணும். நான் நினைக்கறது தப்பா?

பெனோனி அண்ணன்:
தப்புதான் தங்கச்சி, மன்னிச்சுக்கோ. நான் வேலைக்காக மாசத்துல ரெண்டு தடவ ஜோபர்க்-டர்பன் என்3 ஹைவேல ஓட்டறவன். கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், டர்பன் ஹார்பருக்குப் போற லாரி எல்லாம் அதே ரோடு, ஈஸ்டர்ல மூணு பங்கு வண்டி. வழியில வர்ற வான் ரீனன் மலைக் கணவாய்ல பனிமூட்டம் இறங்கினா முன்னாடி போற லாரியோட பின் லைட்டு கூட தெரியாது, அந்த எறக்கத்துல பிரேக் போன லாரிய நான் கண்ணால பாத்திருக்கேன். பழைய ஞாபகத்துக்காக மூணு குழந்தைங்கள அதுல கூட்டிட்டுப் போகணுமா? அதுங்க ஆளுக்கொரு ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு டேப்லெட்டதான் பாக்கப் போகுது.

ஃபீனிக்ஸ் அக்கா:
டேப்லெட்ட யாரு கையில குடுத்தது, நாமதானே? நாங்க வார்டன்ல இருந்து ஹாரிஸ்மித் வரைக்கும், அந்த சோளக்காடு மட்டும் வர்ற இடத்துல குடுப்போம், மத்த நேரம் கிடையாது. நம்பர் பிளேட் எண்ணுவாங்க, ஜோபர்க் பக்கத்து ஜிபி எத்தன, ஃப்ரீ ஸ்டேட் எஃப்எஸ் எத்தன, டர்பன் என்டி எத்தனன்னு. அப்புறம் ஒண்ணு சொல்றேன், வீட்டுல நம்ம பசங்க காதுல தமிழ் எவ்வளவு நேரம் விழுது? ஸ்கூல் இங்கிலீஷ், டிவி இங்கிலீஷ். கார்ல ஆறு ஏழு மணி நேரம் நான் தமிழ்லயே பேசுவேன், எழுந்து போக முடியாதே, கேட்டுத்தான் ஆகணும், போன தடவ என் பெரியவ தானாவே "ஆயாக்கு எத்தன அக்கா தங்கச்சி"ன்னு தமிழ்ல கேட்டா, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஹாவிக் பக்கத்துல மண்டேலாவப் பிடிச்ச இடத்துல கண்டிப்பா நிறுத்துங்க. 1962 ஆகஸ்ட் 5, போலீஸ் அவர் கார மறிச்சது ரோட்டுலதான். 50 இரும்புக் கம்பம் நட்டு வெச்சிருக்காங்க, கிட்டப் போனா வெறும் கம்பிதான், சரியான தூரத்துல நின்னா அவர் முகம் தெரியும். பசங்க முன்னாடி ஓடுவாங்க, பின்னாடி ஓடுவாங்க, முகம் வந்து வந்து மறையும். அரை மணி நேரம் நகர மாட்டாங்க.

பெனோனி அண்ணன்:
அக்கா, அது டர்பன்ல இருந்து ஒரு மணி நேரம். ஃப்ளைட்ல போய் இறங்கி, மறுநாள் ஆயாவையும் கூட்டிக்கிட்டு அங்க போலாமே. சின்னச் சின்ன கார் டிரிப்ப நான் வேண்டாம்னு சொல்லல.

டோங்காட் தாத்தா:
தம்பி சொல்ற பயம் நியாயம். ஆனா அந்த ரோட்ட முழுசா பாக்கணும்னு நான் ஏன் சொல்றேன்னா, 1891-ல போட்ட சட்டத்தால இந்தியர் யாரும் வழியில வர்ற ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துல குடியிருக்கவோ கடை வைக்கவோ கூடாது, 1986-லதான் அத எடுத்தாங்க. ஜோபர்க்ல இருக்கற தங்கச்சியப் பாக்கப் போறப்ப நாங்க லேடிஸ்மித்லயே டேங்க ரொப்பிக்கிட்டு, புளிச்சோறும் அவிச்ச முட்டையும் டப்பாவுல கட்டிக்கிட்டு, ராத்திரி எங்கயும் தங்காம அந்தப் பக்கம் கடந்து போயிடுவோம். என் பொண்ணு ஒண்ணுக்கு வருதுன்னு அழுவா, ரோட்டோரம்தான். இன்னிக்கு என் பேரன் அதே ஃப்ரீ ஸ்டேட்ல இருக்கற ஹாரிஸ்மித்ல கார நிறுத்தி ஐஸ்கிரீம் கேக்கறான், வாங்கிக் குடுத்துட்டு அங்கயே உக்காந்து அவனுக்கு இத சொன்னேன். ஃப்ளைட்ல போனா அந்த ஊரு மேகத்துக்குக் கீழ போயிடும்யா.

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்:
கார்ல போங்க, ஆனா ரெண்டு வயசுக் குழந்தைய மடியில வெச்சுக்கக் கூடாது. 2015-ல இருந்து மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குக் கார் சீட் சட்டப்படி கட்டாயம். சட்டம் கிடக்கட்டும், கேஷுவால்டில லீவு முடியற ஞாயித்துக்கிழம நான் பாக்கறது எல்லாம் பெல்ட் போடாத பின் சீட்டுக் குழந்தைங்கதான். ஆறு வயசுக்கும் பூஸ்டர் சீட் வைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ இறங்கி நடங்க. கணவாய் எறங்கறப்ப சின்னது வாந்தி எடுக்கும், அதுக்கு முன்னாடி பால் குடுக்காதீங்க.

லெனேசியா அம்மா:
தாத்தா எழுதினத வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க அப்பாவும் அதே மாதிரி போனவராம், பன்னெண்டு வருஷத்துல என்கிட்ட சொன்னதே இல்ல, நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சொன்னார், பெரியவன் தூங்காம கதவுகிட்ட நின்னு கேட்டுட்டிருந்தான். சின்னவளுக்கு ரெண்டு வயசு ஆயிட்டதால ஃப்ளைட்ல அஞ்சு டிக்கெட்டு, அதுக்குப் பதிலா அஞ்சு டோலும் பெட்ரோலும். நல்ல கார் சீட் வாங்கிட்டோம். வியாழக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடியே, செவ்வாய்க்கிழமை விடிஞ்சதும் கிளம்பறோம்.

பெனோனி அண்ணன்:
எனக்கு இன்னும் மனசு ஒப்பல தங்கச்சி. ஆனா செவ்வாய்க்கிழமைங்கறது நல்ல முடிவு. டயரு, பிரேக்கு ரெண்டையும் முன்னாடியே பாக்கச் சொல்லு. வான் ரீனன்ல பனிமூட்டம்னு தெரிஞ்சா ஹாரிஸ்மித்லயே உக்காந்துடுங்க, எத்தன மணி நேரம் ஆனாலும் சரி. அங்க நின்னதும் இங்க ஒரு வரி எழுது, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.