மார்ச் கடைசியில் ரிக்கெட்ஸ் கிளென்: அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

எடிசன்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது நியூஜெர்சி, எடிசன். கும்பகோணத்திலிருந்து அப்பா அம்மா மார்ச் 20 வாக்கில் வருகிறார்கள். போன தடவை வந்தபோது நயாகரா, நியூயார்க் என்று கட்டிடமும் கூட்டமும்தான் காட்டினேன், இந்தத் தடவை காடு காட்டலாம் என்று ஆசை. பென்சில்வேனியாவில் ரிக்கெட்ஸ் கிளென் மாநிலப் பூங்காவில் இருபதுக்கும் மேல் அருவிகள் இருக்கின்றன என்கிறார்கள், வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். அப்பாவுக்கு வயது 71, முழங்கால் கொஞ்சம் தகராறு. அம்மா நன்றாக நடப்பார். பிள்ளைகள் இரண்டு பேர், 9 வயதும் 6 வயதும். மார்ச் கடைசியில் போகலாமா, மே வரை பொறுக்க வேண்டுமா? கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஒன்று வேறு புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். கிரில்லில் கோழி போட அனுமதி உண்டா? நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

சேற்றுக்கால்

கட்டணம் கிடையாது. பென்சில்வேனியாவில் 120க்கும் மேல் மாநிலப் பூங்காக்கள், எதிலும் பகலில் போய் வரக் காசு கேட்க மாட்டார்கள்.

மார்ச் கடைசியில் போகலாம், ஆனால் அருவிகளை ஒட்டிப் போகும் ஃபால்ஸ் டிரெயில் பாதைப் பக்கம் குடும்பத்தோடு இறங்காதீர்கள். எடிசனில் வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிப் போவீர்கள், அங்கே பள்ளத்துக்குள் கல் படிகள் எல்லாம் பனிக்கட்டி பூசிக்கொண்டு கண்ணாடி மாதிரி இருக்கும். அருவிச் சாரல் இரவில் உறைந்து, பகலில் பாதி உருகி, மறுபடி உறையும், அதனால் சாதாரணப் பனியைவிட மோசம். குளிர்காலத்தில் அந்தப் பாதையில் ஐஸ் கோடாரி, முள் வைத்த காலணி, கயிறு இதெல்லாம் இருப்பவர்களைத்தான் விடுவார்கள். முழுச் சுற்று 7 மைல் சொச்சம் வேறு. உங்கள் அப்பாவுக்கு அது எந்த மாதத்திலும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக ரூட் 118 ஓரத்தில் வண்டியை நிறுத்தி ஆடம்ஸ் ஃபால்ஸ் பாருங்கள். பார்க்கிங்கிலிருந்து சில நிமிட நடைதான். அங்கேயே எவர்கிரீன் டிரெயில் என்று ஒரு மைல் சுற்று, 300 வயதைத் தாண்டிய ஹெம்லாக் மரங்களுக்கு நடுவில் போகும். அங்கேயும் பாறை ஓரத்தில் வழுக்கும், சின்னவனின் கையை விடாதீர்கள்.

அப்புறம் சேறு. இது யாரும் சொல்லித் தராத விஷயம். பனி உருகும்போது மேல்மண் ஊறிப்போய், கீழே இன்னும் உறைந்திருப்பதால் தண்ணீர் இறங்க இடமில்லாமல் பாதையே களியாகக் கிடக்கும். எல்லோரும் ஷூ நனையாமல் ஓரமாகப் புல்லில் ஏறி நடப்பார்கள், அடுத்து வருகிறவர் அதற்கும் ஓரமாக, இப்படியே இரண்டடிப் பாதை பத்தடியாகி, அப்போதுதான் முளை விடுகிற செடியெல்லாம் மிதிபடும். நடுச்சேற்றிலேயே நேராக இறங்கி நடங்கள். முடியாது என்றால் அன்றைக்கு வேறு பாதை பாருங்கள். போன வருடம் என் ஷூவைச் சேறு பிடித்துக்கொண்டு விடவில்லை, வெறும் சாக்ஸோடு ஓரடி எடுத்து வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கோழிக்குழம்பு

கிரில் இருக்கிற இடத்தில் போடலாம் சார், ஆனால் கரியை என்ன செய்வீர்கள் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். காடு எரிவது கோடையில்தான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இங்கே மார்ச், ஏப்ரல், மே மாதங்கள்தான் ஆபத்து. மரத்தில் இலை கிடையாது, வெயில் நேராகத் தரையில் விழுகிறது, போன இலையுதிர்காலத்துச் சருகு முழுக்க அப்பளமாகக் காய்ந்து கிடக்கிறது, போதாக்குறைக்குக் காற்று. முந்தின நாள் மழை பெய்திருந்தாலும் அரை நாளில் காய்ந்துவிடும்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் (நல்ல மனிதர்தான்) சாப்பிட்டு முடித்ததும் சாம்பலைப் பொறுப்பாக ஒரு மரத்தடியில் கொட்டினார், பார்வைக்கு வெள்ளையாக ஆறிப்போன மாதிரிதான் இருந்தது. நாங்கள் கிரிக்கெட் மட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது புகை. சருகு ஓரம் மெல்லச் சிவந்து வட்டமாகப் பரவுகிறது. இரண்டு கேன் தண்ணீர், மிச்சமிருந்த ரசம், மோர் எல்லாவற்றையும் ஊற்றி அணைத்தோம். அதிலிருந்து நான் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்த பிறகுதான் நகருகிறேன்.

விறகையும் எடிசனிலிருந்து கொண்டு போகாதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்கிற பச்சை வண்டு ஊர் ஊராகப் பரவியதற்கு விறகுக் கட்டும் ஒரு முக்கியக் காரணம். அங்கேயே வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.

மழைத்தவளை

இரண்டு பேரும் பயமுறுத்தியது போதும், அவர் போகாமலே இருந்துவிடப் போகிறார். என்னைக் கேட்டால் வருடத்தில் மிக நல்ல மூன்று வாரம் இதுதான். இலை விடுவதற்கு முன்னால் காட்டுக்குள் தூரம் வரை தெரியும், கொசு இல்லை, கூட்டம் இல்லை.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அருவி இல்லை, குட்டை. பனி உருகிய தண்ணீர் பள்ளத்தில் தேங்கி நிற்கும், கோடையில் வற்றிவிடும், அதனால் மீன் இருக்காது. முட்டையைத் தின்ன மீன் இல்லை என்பதால்தான் வுட் ஃபிராக் தவளைகள் அங்கே வந்து முட்டையிடும், சத்தம் வாத்து மாதிரி இருக்கும். குளிர் விட்ட முதல் மழை இரவுகளில் மஞ்சள் புள்ளி வைத்த கறுப்பு சலமாண்டர்கள் (பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குச் சொந்தம்), ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம், நிலத்துக்கு அடியிலிருந்து ஏறி வந்து ரோட்டைக் கடக்கும். நியூஜெர்சி-பென்சில்வேனியா எல்லையில் டெலவேர் வாட்டர் கேப் பக்கம் இதற்காகவே சில இரவுகளில் ரிவர் ரோட்டை மூடுகிறார்கள். ஆகவே மழை இரவில் காட்டு ரோட்டில் வண்டி ஓட்டாமல் இருந்தாலே புண்ணியம். குட்டைக்குள் கையோ காலோ விட வேண்டாம், முட்டை ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொத்தாகக் குச்சியில் ஒட்டியிருக்கும், குனிந்து பார்த்தாலே தெரியும்.

டிரில்லியம் பூ கண்ணில் பட்டால் பறிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விதையிலிருந்து பூக்க ஏழு வருடமாவது ஆகும், பறித்தால் இலையும் சேர்ந்து வந்துவிடும், அடுத்த வருடத்துக்குக் கிழங்கில் சேமிக்க வழியில்லை. ராம்ப்ஸ் என்கிற காட்டுப்பூண்டும் அப்படித்தான், ரசத்துக்கு நன்றாக இருக்கும் என்று பெயர்த்து எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூங்காவில் செடியைத் தோண்டக் கூடாது.

கயாக்: ஏப்ரல் 30 வரை லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சட்டம். தண்ணீர் அவ்வளவு குளிர், விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் மூச்சு திணறும். மேயில் எடுங்களேன்.

எடிசன்காரன்

மிக்க நன்றி. உண்ணி இப்போதே இருக்குமா? மனைவி கேட்கச் சொன்னாள்.

சேற்றுக்கால்

இருக்கும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனாலே மான் உண்ணி நடமாடும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எல்லாம் வேண்டாம். இன்னொன்று, கழிப்பறையில் பல இடங்களில் குழாய்த் தண்ணீர் இன்னும் திறந்திருக்க மாட்டார்கள். பெரியவர்களுக்காக ஒரு கேன் தண்ணீர் தனியாக எடுத்துப் போங்கள்.

எடிசன்காரன்

போய்விட்டு வந்தோம். ஆடம்ஸ் ஃபால்ஸ் பாதி உறைந்து பாதி கொட்டிக்கொண்டிருந்தது, அப்பா அங்கேயே பாறையில் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்றுவிட்டார். புளியோதரைதான் கொண்டு போனோம், கிரில் எடுக்கவில்லை.

ஆனால் சொல்ல வந்தது வேறு. வழியில் ஈரமான இடத்தில், பனிக்கு நடுவில் ஒரு வட்டம் உருகி, அதற்குள் கருஞ்சிவப்பாக, முறுக்கின குல்லா மாதிரி ஏதோ நின்றது. அம்மா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது நம்ம கருணைக்கிழங்குப் பூ மாதிரி இருக்கு" என்றார். பனிக்குள் கருணைக்கிழங்கா என்று நான் சிரித்தேன். படம் எடுத்து வந்திருக்கிறேன், என்ன செடி இது?

மழைத்தவளை

அம்மா சொன்னது சரி, நீங்கள்தான் சிரித்திருக்கக் கூடாது. அது ஸ்கங்க் கேபேஜ், கருணைக்கும் சேம்புக்கும் ஒரே குடும்பம். பூக்கும்போது தானே சூடு உண்டாக்கிப் பனியை உருக்கிக்கொண்டு வெளியே வரும், நாற்றம் ஈயை வரவழைக்க. கருணைப் பூவுக்கும் அந்தச் சூடும் நாற்றமும் உண்டு. தின்றால் தொண்டை அரிப்பதும் அதே மாதிரிதான், அம்மா சமைத்துப் பார்க்கக் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.