ஆம்புலன்ஸிலிருந்தே இசிஜி அனுப்பினால் நேரம் மிச்சமாகுமா?

கேள்வி: மலையடிவாரச் செவிலியர்

வணக்கம். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு வட்ட மருத்துவமனையில் பணிபுரிகிறேன். சென்ற மாதம் நெஞ்சுவலியோடு வந்த பெரியவர் ஒருவருக்கு இசிஜி எடுத்து, அதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். படம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர் அங்கே இறங்கும்வரை அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. மறுபடியும் இசிஜி எடுத்த பிறகே சிகிச்சை தொடங்கியது. இப்போது ஓர் அறக்கட்டளை, ஓடும் வண்டியிலிருந்தே இசிஜியும் நேரலைக் காணொளியும் அனுப்பும் கருவியை வாங்கித் தர முன்வந்திருக்கிறது. பாதி வழியில் சிக்னலே இல்லாத எங்களுக்கு அது பயன்படுமா?

பதில்: இதயநோய் மருத்துவர்

பயன்படும், அம்மா. 1967-லேயே மயாமியில் மருத்துவர் யூஜின் நாகல், தீயணைப்புத் துறையின் மீட்பு வண்டிகளிலிருந்து வானொலி வழியாக இசிஜியை மருத்துவமனைக்கு வரவழைத்தார். நம் மாநிலத்திலும் சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட இதய இரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை) வசதியுள்ள மருத்துவமனைகளோடு இணைத்த ஸ்டெமி (இதய இரத்தக்குழாய் முற்றிலும் அடைபட்டு வரும் கடுமையான மாரடைப்பு) திட்டத்தின் முடிவுகள் 2017-இல் வெளியாயின; 2420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தோரின் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் கொண்டுசேர்க்க இயலாத நோயாளிக்கு, மூளை இரத்தக்கசிவு போன்ற தடைகள் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, இரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெபிளேஸ் ஊசியை உங்கள் மருத்துவமனையிலேயே போட்டுவிடலாம். அந்த முடிவைத் தொலைவிலிருக்கும் இதயநோய் மருத்துவர் உடனே சொல்வதற்காகத்தான் இசிஜியை முன்கூட்டி அனுப்புகிறோம். பார்ப்பவர் இல்லாத இடத்துக்கு எவ்வளவு விரைவாக அனுப்பினாலும், உங்கள் பெரியவருக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும்.

பதில்: தொலைத்தொடர்புப் பொறியாளர்

காணொளியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. நொடிக்கு 500 அளவீடுகள் வீதம் 12 லீடுகளில் (இதயத்தை வெவ்வேறு கோணங்களிலிருந்து காட்டும் கோடுகளில்) 10 நொடி பதிவு செய்தாலும், ஓர் அளவீட்டுக்கு 2 பைட் என்று கொண்டால், மொத்தம் 120 கிலோபைட்தான். பழைய 2ஜி இணைப்பிலும் அரை நிமிட அளவில் போய்விடும். காணொளிக்கோ அறுபடாத இணைப்பு வேண்டும். மலை வளைவுகளில் அது கிடைக்காது. சிக்னல் இல்லாதபோது பதிவைச் சேமித்துவைத்து, கிடைத்தவுடன் தானே அனுப்பும் கருவியாகக் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களின் சிம் போடும் வசதியும் வண்டிக்கூரையில் வெளி ஆண்டெனாவும் அவசியம், ஏனெனில் வண்டியின் தகர உடல் சிக்னலை வெகுவாகத் தடுக்கிறது.

பதில்: முன்னாள் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்

பாதையில் சிக்னல் கிடைக்கும் இடங்களை ஓட்டுநரோடு ஒருமுறை போய்க் குறித்துவையுங்கள். இசிஜியை அனுப்பியபின் தொலைபேசியில் அழைத்து, "வந்துவிட்டது, பார்த்துவிட்டேன்" என்ற சொல்லைக் கேட்காமல் அந்த இடத்தைக் கடக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இரவுப்பணியில் மருத்துவர் மாறும்போது யாருடைய எண்ணுக்கு அனுப்புவது என்பதுதான் எங்கள் அடுத்த சிக்கல்.

பதில்: இதயநோய் மருத்துவர்

எவருடைய சொந்த எண்ணுக்கும் வேண்டாம். இதயநோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவின் மேசையிலேயே இருக்கும் ஒரு கைப்பேசிக்கு அனுப்புங்கள். பணி மாறும்போது அதையும் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும் என்று, கருவி வாங்குவதற்கு முன்பே, அந்த மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.