டவர் ஸ்பீக்கருக்கு அடியில் ஸ்பைக்: உங்கள் வீட்டில் என்ன ஆனது?

தண்டையார்பேட்டையிலிருந்து:

போன மாதம் ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான், ஒவ்வொன்றும் 20 கிலோ. கூடவே ஒரு பாலிதீன் பையில் எட்டு ஸ்பைக், அதாவது ஸ்பீக்கரின் அடியில் காலாகத் திருகும் கூர்மையான இரும்பு முனை. "இதைப் போட்டாத்தான் பேஸ் கட்டுக்குள்ள நிக்கும் தம்பி, வெறும் தரையில வைக்காதீங்க" என்று விற்றவர் சொல்லி அனுப்பினார். பேஸ் என்றால் பாட்டில் தும் தும் என்று வரும் கனமான அடிச் சத்தம். அன்று ராத்திரியே ஸ்பீக்கரைப் பாயில் படுக்க வைத்து நாலு மூலையிலும் ஸ்பைக்கைத் திருகி, நைனாவைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக நிமிர்த்தினோம். பாதி நிமிர்ந்ததும் "பட்" என்று ஒரு சத்தம். கூடத்தின் நட்ட நடுவில் ஒரு டைல்ஸ் குறுக்கே விரிந்துவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் கொத்தனார் வந்து ஒரு ரூபாய்க் காசால் தட்டிக் காட்டினார். மற்ற டைல்ஸ் எல்லாம் "டக் டக்" என்றது, உடைந்ததும் அதன் பக்கத்தில் இருந்த இரண்டும் மட்டும் "டொப் டொப்". அடியில் கலவை பிடிக்காமல் பொள்ளலாம். இதில் என் கூத்து என்னவென்றால், 20 கிலோவை நாலு ஸ்பைக் தாங்கினால் ஒன்றுக்கு 5 கிலோ வரும், ஆனால் சாய்த்து நிமிர்த்தும்போது மொத்தமும் ஒரு ஓரத்து இரண்டு ஸ்பைக்கில்தான் ஏறும். முனை ஒரு சதுர மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 10 கிலோ அந்த இடத்தில் உட்கார்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோ கணக்கு. பொள்ளல் டைல்ஸ் எங்கிருந்து தாங்கும்?

சத்தம் எப்படி என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி பேஸ் இறுக்கமாக இருந்த மாதிரிதான் தோன்றியது. ஒரு டைல்ஸைப் பலி கொடுத்த பிறகு அப்படித் தோன்றாவிட்டால் மனசு ஆறுமா? உங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

தலைவரே, நான் பழைய தடிமனான 5 ரூபாய் நாணயத்தை ஒவ்வொரு ஸ்பைக்குக்கு அடியிலும் வைத்தேன். டைல்ஸ் தப்பித்தது, ஆனால் வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே ஸ்பைக் நாணயத்தை விட்டு நழுவியது. அடுத்து கேரம் ஸ்ட்ரைக்கர். எங்கள் தெருவில் வீட்டுக்கு நாலு ஸ்ட்ரைக்கர் கிடக்கும், பழசாக எட்டு பொறுக்கினேன். ஸ்பைக் அதில் லேசாகக் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்தது, நழுவவே இல்லை. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது, மாமா பையன் வந்து "என் ஸ்ட்ரைக்கர் எங்கே" என்று கேட்கும் வரைக்கும்.

ராயபுரத்திலிருந்து:

எங்கள் அனுபவம் கொஞ்சம் வேறு. நாங்கள் இருப்பது பழைய வீட்டின் மாடியில். இங்கே ரயில் நிலையம் 1856-இல் வந்தது, எங்கள் வீடு அதற்கு ரொம்பப் பிந்தியது இல்லை என்று தாத்தா சொல்வார். எனக்குக் கீழே இருப்பது கான்கிரீட் இல்லை, மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அதற்கு மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசிய தளம். நடந்தாலே லேசாக அதிரும், குழந்தைகள் குதித்தால் அலமாரிக் கண்ணாடி பேசும்.

இந்தத் தளத்தில் ஸ்பைக் போட்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார். "தம்பி, பாட்டு கேக்குறது பிரச்சனை இல்ல, எங்க வீட்டு உத்தரத்துலேர்ந்து தூசி கொட்டுது, சோத்துத் தட்டுல விழுது." நான் நம்பவில்லை. கீழே போய் நின்று, மேலே மனைவியைப் பாட்டுப் போடச் சொன்னேன். பாட்டின் வரிகள் கேட்கவில்லை, தவில் மட்டும் உத்தரத்துக்குள்ளேயே உட்கார்ந்து வாசிப்பது போலக் கேட்டது. பெட்டியின் அதிர்வை ஸ்பைக் நேராகத் தளத்தில் இறக்க, தளமே இன்னொரு ஸ்பீக்கர் ஆகிவிட்டது.

அப்புறம் ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு, வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் கட்டையை வைத்தேன். தூசி நின்றது. மேலேயும் பேஸ் வழவழவென்று இழுக்காமல் தெளிவாயிற்று, இது என் பிரமை இல்லை, அக்காவே சாட்சி. ஸ்பைக் வைக்கும் பழக்கம் கம்பளம் விரித்த வெளிநாட்டு வீடுகளுக்குப் பொருந்தும். மெத்தென்ற கம்பளத்தில் டவர் ஆடும், ஸ்பைக் அதைத் துளைத்துக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். நம் வீட்டில் எங்கே ஐயா கம்பளம்? கோரைப்பாய்தான் இருக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து:

லேத் பட்டறையில் இருக்கிறேன், இந்த ஸ்பைக்கைப் பல பேருக்குக் கடைந்து கொடுத்திருக்கிறேன், அதனால் இரண்டு வார்த்தை.

முதலில் மரையைப் பாருங்கள். சில பெட்டிக்கு 6 எம்எம், சிலதுக்கு 8 எம்எம், கால் அங்குல மரை வைத்த பெட்டியும் வரும். கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும், பலத்தைக் காட்டித் திருகினால் அடிப் பலகையில் பதித்த நட் பிய்த்துக்கொண்டு வரும். அடுத்தது செக் நட், ஸ்பைக் தானாகச் சுழலாமல் பிடிக்கும் பூட்டு நட். ரசமட்டம் வைத்து நாலு காலையும் சரி பண்ணிவிட்டு செக் நட்டை இறுக்கவில்லை என்றால் அந்த நட்டே கிணுகிணு என்று பாடும், நீங்கள் ட்வீட்டரை, அதாவது கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரைச் சந்தேகப்படுவீர்கள். டைல்ஸ் தரைக்கு நான் பித்தளையில் சின்னக் கிண்ணம் கடைந்து, நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்து, அடியில் ஃபெல்ட் ஒட்டித் தருவேன். நாணயமும் வேண்டாம், மாமா பையனோடு சண்டையும் வேண்டாம்.

ஒருவர் வந்து "ஸ்பைக் வழியா அதிர்வு கீழே போகும், மேலே வராது, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டையோடு மாதிரி" என்றார். இரும்புக்கு அப்படி ஒரு வழிப்பாதை எல்லாம் கிடையாதுங்க. கீழே போகிற வழியில்தான் மேலேயும் வரும், எங்கள் தெருவில் கன்டெய்னர் லாரி போகும்போது மேசை மேல் இருக்கும் டீ கிளாஸைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு கணக்கு. பேஸ் கோன், அதாவது முன்னும் பின்னும் அசைந்து பேஸ் சத்தம் எழுப்பும் கூம்பு, நகரும் எடை சுமார் 20 கிராம், பெட்டி 20 கிலோ, அதாவது ஆயிரம் மடங்கு. கோன் 2 மில்லிமீட்டர் முன்னால் போனால் பெட்டி பின்னால் தள்ளப்படுவது 0.002 மில்லிமீட்டர்தான். ஆனால் நாலில் ஒரு கால் தரையைத் தொடாமல் பெட்டி ஆடினால் இந்தக் கணக்கு செல்லாது. ஆட்டத்தை நிறுத்துவதற்குத்தான் ஸ்பைக், அந்த வேலையை அது நன்றாகவே செய்யும். எங்கள் பக்கத்துப் பழைய மொசைக் தரை எல்லாம் மேடு பள்ளம், அங்கே திருகி உயரம் மாற்றும் வசதி பெரிய விஷயம்.

தண்டையார்பேட்டையிலிருந்து, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. லேத் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஒரு பரீட்சை வைத்தேன். நான் கதவுக்கு வெளியே நிற்க, தம்பி ஸ்பைக்கும் கிண்ணமுமோ வெறும் ரப்பரோ மாற்றி மாற்றி வைத்து, ஸ்பீக்கரின் காலை வேட்டியால் மூடிவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். நாலாவது தடவையே தம்பிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, எப்படியோ பத்து முடித்தோம். நான் சரியாகச் சொன்னது ஆறு. காசு சுண்டிப் பார்த்திருந்தால் ஐந்து வந்திருக்கும்.

ஆனால் ஒன்று மாட்டியது. தம்பி கடுப்பில் போனில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை டோனை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனான். 57 கிட்ட வரும்போது பரணில் இருந்த எவர்சில்வர் அண்டாவும் அதன் மூடியும் கச்சேரி ஆரம்பித்தன. இத்தனை நாள் நான் "பேஸ் உடைகிறது" என்று புலம்பியது அந்த மூடியைத்தான்! எங்கள் கூடம் 10 அடிக்கு 12 அடி, அந்த அளவு அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும் 57 ஹெர்ட்ஸிலும் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி வீங்குமாம். அண்டாவுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்தேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன், கவனியுங்கள், ஸ்பைக்கைக் கழற்றிவிட்டுத்தான் இழுத்தேன். அந்த மாற்றத்தைச் சொல்ல வேட்டியும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், அம்மாவே உள்ளேயிருந்து "என்னடா சத்தம் கொறஞ்சிருக்கு, நல்லா இருக்கு" என்றார்.

ஸ்பைக்கை இப்போது பித்தளைக் கிண்ணத்தோடு போட்டு வைத்திருக்கிறேன். பெட்டி ஆடவில்லை, கழற்ற சோம்பலாகவும் இருக்கிறது. அந்த டைல்ஸ் டிசைன் மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. அம்மா அதன் மேல் ஒரு மிதியடி போட்டிருக்கிறார், கூடத்தின் நட்ட நடுவில். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அதைச் சுற்றி நடந்து போகிறார்கள்.