கடைக்கார அண்ணனின் மனக்கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மளிகைக் கடையில் பள்ளி விடுமுறையின்போது எடுபிடியாக நின்றிருக்கிறேன். சம்பள நாளில் கடை நெரியும். அப்போதும் கடைக்கார அண்ணன் கால்குலேட்டரைத் தொட மாட்டார்.

6.80, 3.45, 12.90 வெள்ளி (ரிங்கிட்) என்று மூன்று சாமான். பள்ளியில் கற்ற மாதிரி வலப்பக்கமிருந்து கூட்டினால் 15 காசை நினைவில் பிடித்துக்கொண்டு, மீந்த 2ஐச் சுமந்து, 6, 3, 12 எதுவும் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் அப்படிச் செய்யவே மாட்டார். 12.90ஐ 13 என்றும் 6.80ஐ 7 என்றும் வைத்துக்கொள்வார். 13ம் 7ம் 20, அப்புறம் 3.45 சேர்த்து 23.45, கூட வைத்த 30 காசு போனால் 23.15. எந்த இடத்திலும் இரண்டு எண்ணுக்கு மேல் அவர் தலையில் நிற்காது. (2008இல் ஒரு காசு நாணயம் ஒழிந்ததிலிருந்து இன்னும் லேசு.)

கணக்குப் போடும்போது அவர் உதடு அசையும். அந்த நேரத்தில் "அண்ணி நல்லாருக்காங்களா?" என்றால் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்வார். "நெத்திலி கிலோ எவ்வளவு?" என்று கேட்டு அவர் வாயைத் திறந்தாரோ, போச்சு, முதலிலிருந்து வரவேண்டும்.

இதன் காரணம் பிறகுதான் தெரிந்தது. உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் 'செயல்படு நினைவு' பற்றி, அதாவது வேலை நடக்கும்போது விவரங்களைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் நினைவைப் பற்றி, எழுதினார்கள். கேட்ட எண்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லித் தக்கவைப்பது அதன் ஒரு பகுதி. வாய் வேறு வேலைக்குப் போனால் அது அறுந்துவிடும். ஹிட்ச் 1978இல் மனக்கூட்டலையே தனியாக ஆராய்ந்தார். கூட்டத் தெரியாததால் அல்ல, கொடுத்த எண்ணோ பாதியில் வந்த விடையோ மறந்துபோவதால்தான் பிழை வருகிறது என்று காட்டினார். என்னைக் கேட்டால், அண்ணனின் சாமர்த்தியம் வேகத்தில் இல்லை, சுமையைக் குறைத்ததில் இருக்கிறது.

மறுமொழி:
எங்கள் வீட்டில் கதை வேறு, அண்ணே. மகள் அபாகஸ் (மணிச்சட்டக் கணக்கு) வகுப்புக்குப் போகிறாள். விரல் காற்றில் மணி தள்ளும், உதடு அசையாது. பக்கத்தில் தொலைக்காட்சி அலறினாலும் கலங்க மாட்டாள். குஜராத்தில் அபாகஸ் கற்ற பிள்ளைகளை வைத்து ஃபிராங்க், பார்னர் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: அவர்கள் எண்ணைச் சொல்லாக அல்ல, மணிகளின் படமாகப் பிடித்துவைக்கிறார்கள். நெத்திலி விலை கேட்டுப் பார்த்தேன், சொல்லிக்கொண்டே கூட்டிவிட்டாள்.